மேசைக்காலுக்கு வைத்த அட்டை

1

யோகா இறந்து ஐந்தாவது மாதத்தில் அவளிடமிருந்து ஒரு கேக் படம் வந்தது.

நான் அப்போது வேலையில் இருந்தேன். ஜெர்மனியின் மேற்கே ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. இங்குள்ள வயதானவர்களுக்குப் பகல் மூன்று மணி என்பது விட்டுக்கொடுக்க முடியாத நேரம். மழையோ பனியோ, கோப்பியும் கேக்கும் மூன்று மணிக்கு மேசைக்கு வந்துவிட வேண்டும். நான் ஆப்பிள் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஏப்ரன் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். யோகா என்று பெயர். அதன் கீழே ஒரு படம். வட்டத் தட்டொன்றில் கரிந்துபோய், ஒரு விரல் உயரம்கூட எழும்பாமல் ஏதோ கிடந்தது.

கத்தி கீழே விழுந்த சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற போலந்துக்காரி திரும்பினாள். கையை வெட்டிக்கொண்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஊரில் ஏதாவதா என்றாள். சினேகிதி கேக் செய்திருக்கிறாள் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஜெர்மன் போதாது. தமிழிலும் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதும்போது அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. கண்டியில் மறுபடியும் மழைக்காலம்.

2

யோகேஸ்வரி, ரிஹானா, நான். மூன்று பேரும் கண்டி டவுனில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்தோம். யோகாவும் நானும் கலஹாவிலிருந்து பேராதனைக்கு வரும் காலை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருவோம். ரிஹானா மறுபக்கம் திகனயிலிருந்து வருவாள். அவர்கள் வீட்டில்தான் முதலில் ஓவன் வாங்கினார்கள். ஒரு நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை அவள் கொண்டுவந்த லவ் கேக்கைச் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. யோகா ஒரு சிறிய மேசை ஓவன் வாங்கினாள். எனக்கு ஓவன் இல்லை. சட்டியில் மணல் போட்டு, மேலே மூடி வைத்துச் செய்வேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கணவரோடும் கைக்குழந்தையோடும் நான் இங்கே வந்தேன். வந்த கிழமையே யோகா ஒரு வாட்ஸப் குழு தொடங்கினாள். அதற்குத் 'தீஞ்சது' என்று பெயர் வைத்தாள். ஒரே ஒரு சட்டம்தான். "நல்லா வந்தத ஊருக்கே காட்டலாம். கெட்டுப்போனத மட்டும் இதுல போடணும்."

அந்தச் சட்டத்துக்கு நான்தான் அதிகம் கட்டுப்பட்டேன். இங்கே சீரகம் என்று நினைத்து 'க்யும்மெல்' என்ற பெயரில் ஒரு பொட்டலம் வாங்கி, ஒரு பானை ரசத்தில் கொட்டிவிட்டேன். அது வேறு ஏதோ விதை. நம்முடைய சீரகத்துக்கு இங்கே பெயரின் முன்னால் இன்னொரு சொல் சேர்க்க வேண்டுமாம். அந்த ரசத்தை என் மகள் தாராகூட வாயில் வைக்கவில்லை. யோகா குரல் செய்தியில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த ஊரு பாஷை ஒனக்கு வந்து சேர்றதுக்குள்ள நீ குடும்பத்தையே பட்டினி போட்ருவடி!"

இப்படியே பதினொரு வருடம். வேகாத பாண், உடைந்த பிஸ்கட், கருகிய ரிப்பன் கேக். நல்லது கெட்டது என்று எதைப் பேசினாலும் முதலில் ஒரு கெட்டுப்போன படம் வரும். பேச்சு அதற்குப் பிறகுதான்.

3

போன வருடம் மழை தொடங்கி இரண்டு மூன்று கிழமைகளில் யோகா ஒரு பட்டர் கேக் படம் போட்டாள். நல்ல நிறம். ஆனால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தது. வெட்டி நிமிர்த்தி வைத்தால் கூரை மாதிரி சரிந்து நின்றது.

"ஓவன்ட கம்பி ஒரு பக்கம் பழுதாகி ஈக்கும்," என்றாள் ரிஹானா. "ஓவன திருப்பி வச்சிப் பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யோகா எழுதினாள்: "ஓவன அப்புடியே திருப்பி வச்சேன். ஆனாலும் ஜன்னல் பக்கந்தான் தடிப்பா வருது."

அந்தச் சமையலறையை எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஓவனில் பிழை இல்லையென்றால் மேசையில்தான் பிழை என்று எனக்குப் பட்டது. "மேசைக்கால் ஒன்னு தேஞ்சிருக்கும். அட்டையை மடிச்சு வை," என்று எழுதினேன்.

வைத்தாள். அடுத்த கேக் சரிவில்லாமல் மட்டமாக வந்தது. நல்லா வந்ததைப் போடக்கூடாது என்ற சட்டத்தையும் மீறி அதைப் போட்டாள். "மாலா டீச்சர் வாழ்க!" என்று எழுதினாள். எனக்கு அன்று முழுவதும் பெருமை.

இரண்டு கிழமை கழித்து மறுபடியும் அதே சரிவு. "அட்டை போதலடி. இன்னொன்னு மடிச்சு வச்சிருக்கேன். சமையக்கட்டுக் கதவும் மழைக்கு ஊதிப்போயி சாத்த முடியல. இந்த வீட்டுக்கு என்னமோ புடிச்சிருக்கு."

கடைசிப் படம் ஒரு புதன்கிழமை வந்தது. ஊரில் ஐந்தாவது நாளாக விடாத மழை. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள் என்று வீட்டில் சும்மா இருந்தவள் ஒரு ரவை கேக் செய்திருந்தாள். முன்பு எதுவும் அப்படி வரவில்லை. ஒரு பக்கம் தட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. மறுபக்கம் தட்டின் அடி தெரிந்தது.

நான் பஸ்ஸில் இருந்தபடி எழுதினேன்: "இது கேக் இல்லடி, மண்சரிவு."

ஆறு சிரிப்பு முகங்கள் வந்தன. பின்னால் அவள் குரல்: "வெயில் வரட்டும், ஒனக்கு நல்லா ஒன்னு செஞ்சு காட்டுறேன்."

4

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ரிஹானா அழைத்தாள். ஊரில் அப்போது பிற்பகல்.

"மாலா... யோகாட வீட்டுப் பக்கம் மல எறங்கிட்டாம். வீட்டையே காணல்லயாம் புள்ள."

யோகாவின் கணவர் செல்வராஜ் அண்ணன் மேசன் வேலை செய்பவர். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வீடு கட்டும் வேலை. அங்கேயே தங்கி, சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவார். அதனால் அவர் தப்பினார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யோகாவை எடுக்க மூன்று நாட்கள் ஆயின.

நான் போகவில்லை. போக முடியவில்லை என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். என் வதிவிட அட்டை முடிந்து, புதியது இன்னும் கைக்கு வரவில்லை. ஊருக்குப் போய்வர அனுமதி கேட்கத் திங்கட்கிழமை காலை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் இலக்கம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மண்சரிவுக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று அப்போது எனக்குத் தெரியாது. "மலை விழுந்துவிட்டது" என்று சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். முகத்தில் உண்மையாகவே வருத்தம். "மலை ஏறும்போது விழுந்துவிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லை, அவள் வீட்டில்தான் இருந்தாள். மலைதான் விழுந்தது."

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

அக்கா என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாளில் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்த நேரம் பொய் வாயில் வரவில்லை. சினேகிதி என்றேன். அவள் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதில் சினேகிதிக்கு ஒரு கட்டம் இல்லை.

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது தாரா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பன்னிரண்டு வயது. என்ன என்று கேட்டாள். யோகா என்று மட்டும் சொன்னேன்.

"யோகாவா? ஜிம்மில செய்றதா?"

இரண்டு வயதில் ஊருக்குப் போனபோது யோகாவின் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளை. அவளில் குற்றம் இல்லை. வீட்டில் நான் யோகாவைப் பற்றிப் பேசியதில்லை. யோகாவோடு மட்டுமே பேசியிருக்கிறேன்.

அதன் பிறகு குழுவைத் திறக்கவில்லை. என் கடைசி வரி அங்கே இருந்தது. அழித்துவிட நினைத்து ஒருநாள் அதன்மேல் விரலை அழுத்தினேன். எனக்குத் தெரியும்படி மட்டும்தான் அழிக்கலாம், எல்லோரிடமிருந்தும் அழிக்கும் காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தது. அப்படியே விட்டேன். பகலில் கேக் வெட்டும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், யாராவது சிரிக்கும்போதும் அந்த வரி வந்து நிற்கும்.

5

கரிந்த கேக் படத்துக்கு இரண்டு நிமிடம் கழித்து யோகாவின் பெயரில் ஒரு செய்தி வந்தது.

"நான் செல்வராஜ். இதுல கெட்டுப்போனதத்தானே போடணும்?"

மழையில் மின்சாரம் போனதால் தொலைபேசியைச் சார்ஜ் போட யோகா ரோட்டுக் கடையில் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். செல்வா அண்ணன் இப்போது கடுகண்ணாவையில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். அங்கே அடுப்பில் மணல் சட்டி வைத்து, யோகா பல வருடங்களாகப் பதிந்து அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் கேக்கைச் செய்திருக்கிறார். அதுவரை முட்டைகூடப் பொரித்து அறியாத மனிதர்.

ரிஹானா எனக்குத் தனியாக அழைத்தாள். "அந்தப் பேரு வாறத என்னால பாக்க ஏலா மாலா. அவர குரூப்புல இருந்து எடுத்துடுவோம். மனுசனுக்கு நான் போன் பண்ணி எடுத்துச் சொல்றன்."

வேண்டாம் என்றேன். இரக்கத்தால் சொன்னதாக ரிஹானா நினைத்தாள். உண்மையில் எனக்குப் பயம். எடுத்துவிட்டால் ஏன் எடுத்தார்கள் என்று அவர் யோசிப்பார். மேலே தள்ளித் தள்ளிப் பார்ப்பார். என் வரியைக் காண்பார். ஏற்கெனவே கண்டிருப்பாரோ என்ற எண்ணமும் கூடவே ஓடியது.

அடுத்த ஞாயிறும் படம் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. ரிஹானாவால் எத்தனை நாள்தான் பேசாமல் இருக்க முடியும்? அண்ணன் முறையானவர்களை 'நானா' என்று அழைப்பது அவர்கள் வழக்கம்.

"மாவ அரிச்சீங்களா நானா?"

"அரிக்கணுமா?"

"அரிக்காட்டி இப்புடித்தான் கட்டி கட்டியா ஈக்கும். மாஜரினையும் சீனியையும் வெள்ளையா வாற வரைக்கும் அடிங்க. கை வலிக்கணும்."

"கை வலி பழக்கந்தான் தங்கச்சி. சீமெந்து கொழச்ச கை."

ஒரு மாதத்தில், அவரை எடுத்துவிடச் சொன்ன அதே ரிஹானா தன்னுடைய பழைய ஓவனை வேனில் ஏற்றிக்கொண்டு திகனயிலிருந்து கடுகண்ணாவை வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் இங்கிருந்து அளவுகள் எழுதினேன். மூன்று பேரும் கேக்கைப் பற்றி மட்டும் பேசினோம். அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் பேசியது முழுவதும் அவள் பெயரின் கீழேதான். அவர் 'சரி' என்று எழுதினால் யோகா சரி என்பாள். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது யோகா எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டும். சில நாள் அந்த ஒரு விநாடி எனக்குப் போதுமாக இருந்தது. சில நாள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு அறைக்குப் போவேன்.

6

ஆவணி பிறந்த பிறகு ஒரு ஞாயிறு அவருக்குக் கேக் சரியாக வந்தது. எங்கும் கருகாமல், எங்கும் உள்வாங்காமல், பொன் நிறத்தில் ஒரு பட்டர் கேக். அதன் மேல் மேசன்மார் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் படம் எடுத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் நீர்க்குமிழி நடுவில் நின்றது.

ரிஹானாவும் நானும் சிரித்துவிட்டோம். அந்த வருடத்தில் அந்தக் குழுவில் வந்த முதல் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார்.

"தங்கச்சி, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல அண்ணே, இன்னைக்கு லீவு. சொல்லுங்க."

"ஒன்னு கேக்கணும். மேசைக்காலுக்கு அட்டை வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் அண்ணே."

அவர் பக்கத்தில் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

"அந்தத் தரை நான் போட்டது. நூல் புடிச்சு, மட்டம் வச்சு, நாலு மூலையும் பாத்துப் பாத்துப் போட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா ஓடாது, அங்கயே நிக்கும். அந்தத் தரையில மேசைக்கு அட்டை வைக்கத் தேவையே வராது தங்கச்சி."

அவரே தொடர்ந்து சொன்னார்.

"இன்னைக்கு இந்தக் கேக்கு மட்டமா வந்தத பாத்தொடனதான் எனக்கு வெளங்குச்சு. அவ செஞ்சதுல பிழை இல்ல. ஓவன்ல பிழை இல்ல, மேசையில பிழை இல்ல. வீடு சாஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. ஆறு கிழமையா கொஞ்சங் கொஞ்சமா பள்ளத்துப் பக்கம் சாஞ்சிருக்கு."

"அண்ணே..."

"நீங்க யாரும் மேசன் இல்ல. நான் மேசன். சனிக்கிழமையில வருவேன்ல, முந்தின வாரத்துக் கேக்க எனக்குன்னு எடுத்து வச்சிருப்பா. தடிப்பான பக்கத்ததான் எனக்கு வெட்டித் தருவா. தின்னுட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு, கதவ சீவி விட்டுட்டுப் போனேன்."

அப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"நான் கடைசியா எழுதினத பாத்தீங்களா?"

"பாத்தேன். போன் கைக்கு வந்த அன்னைக்கே பாத்தேன்."

"மன்னிச்சிருங்க அண்ணே. வெளையாட்டுக்குத்தான்..."

"எதுக்கு மன்னிப்பு? எல்லாரும் ஓவன சொன்னீங்க, மேசைய சொன்னீங்க. கடைசில நீங்க ஒருத்தர்தான் சரியா சொன்னீங்க."

அவர் குத்திக் காட்டவில்லை. குரலில் கோபம் துளியும் இல்லை. ஒரு சுவரை அளந்து பார்த்தவர் அளவைச் சொல்வது மாதிரிச் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

7

அவர் அழைத்தது அதற்காக மட்டும் இல்லை. அந்தச் சரிவின் மறுபக்கத்தில் ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கிறது. பதினொரு குடும்பம். மழை நேரம் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள், போக இடம் இல்லாமல் திரும்பி வந்து அதே ஒற்றை அறைக் காம்பராக்களில் இருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். "எனக்கு எழுத வராது. நீங்க டீச்சர்."

மூன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். எந்தக் கிழமை எந்தப் பக்கம் எவ்வளவு தடிப்பு, எந்தக் கிழமை ஓர் அட்டை, எந்தக் கிழமை இரண்டு அட்டை. குழுவில் எல்லாமே நாளோடு இருந்தன. யோகாவின் ஐந்து கேக் படங்களையும் இணைத்தேன். என் கடைசி வரி உள்ள பக்கத்தையும் இணைத்தேன். ரிஹானா அதைச் சிங்களத்தில் எழுதுவித்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து ஓர் அதிகாரி செல்வா அண்ணனை அழைத்து, "மேசன் பாஸ், இந்தக் கேக் படமெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாராம். இவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழமையே வந்து அளந்தார்கள். மூன்று காம்பராவை உடனே காலி செய்யச் சொன்னார்கள். மீதி எட்டையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள்.

யார் கவனிப்பது? செல்வா அண்ணன் எட்டு எவர்சில்வர் தட்டு வாங்கினார். ஒவ்வொரு காம்பராவின் தரையிலும் ஒரு தட்டை ஒட்டிவைத்து, உட்புறம் சுற்றிவரக் கோடு கீறினார். ஞாயிறுதோறும் கடுகண்ணாவையிலிருந்து பஸ் ஏறிப் பேராதனை போய், அங்கிருந்து கலஹா பஸ்ஸில் லயத்துக்குப் போவார். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். இப்போது எங்கள் குழுவில் கேக் வருவதில்லை. எட்டுத் தட்டுத் தண்ணீர் வருகிறது. நானும் ரிஹானாவும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, மட்டம் என்று எழுதுவோம்.

ஒருநாள் தாரா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். ஜெர்மனும் தமிழும் கலந்துதான் சொல்ல முடிந்தது. மண்சரிவுக்கு இங்குள்ள சொல்லை அவள்தான் எனக்குச் சொல்லித்தந்தாள். யோகா யார் என்பதை நான் அவளுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் வந்து உட்கார்கிறாள்.

போன ஞாயிறு யோகாவின் திவசம். காலையில் கோயிலில் அதை முடித்துக்கொண்டு லயத்துக்குப் போவதாக அண்ணன் எழுதியிருந்தார். ஊரில் நான்கு நாளாக மழை. வழக்கமாகப் படம் வரும் நேரம் தாண்டியது. இங்கே பத்து மணி, பதினொரு மணி. ரிஹானா இரண்டு தடவை அழைத்தாள். பன்னிரண்டுக்குப் பிறகு படங்கள் வந்தன. தாரா எண்ணினாள்.

"அம்மா, ஏழுதான் இருக்கு."

எட்டாவது கடைசியாக வந்தது. பெரிதாக்கத் தேவை இருக்கவில்லை. ஒரு பக்கம் தண்ணீர் கோட்டைத் தாண்டி நின்றது. மறுபக்கம் கோட்டுக்குக் கீழே தட்டு காய்ந்து கிடந்தது.

நான் உடனே அழைத்தேன். மூன்றாம் தடவைதான் எடுத்தார். பின்னால் மழையும், பாத்திரங்கள் முட்டும் சத்தமும், பல பேர் ஒரேயடியாகக் கத்துவதும் கேட்டன.

"எறக்கிட்டேன் தங்கச்சி. எட்டு வீட்டு ஆளுகளையும் எறக்கிட்டேன். பள்ளிக்கூடத்து ஹோல்ல இருக்கோம். அதிகாரிக்கும் சொல்லியாச்சு."

ஒரு பெண் மிக அருகில் நின்று திட்டினாள்: "அடுப்புல சோறு வெந்துக்கிட்டு இருந்துச்சு! ஒரு தட்டுத் தண்ணி சாஞ்சதுக்கா மனுசர இப்புடி மழையில இழுத்துட்டு வருவீங்க? ஒங்களுக்கு என்னா பைத்தியமா?"

இதை எழுதும் இன்று வரை அந்த மலை விழவில்லை. விழாமலே போகலாம். அந்த எட்டுக் குடும்பமும் இன்னும் ஹோலில்தான் இருக்கிறது, இன்னும் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்று அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டு எனக்கே பொறுக்கவில்லை. "என்ன அண்ணே, இப்புடி ஏசுறாங்க?" என்றேன்.

"ஏசட்டும் தங்கச்சி," என்றார் செல்வா அண்ணன். "ஏசுறதுக்கு ஆளு இருக்கணும்ல."